பிறைக்கு எந்த ஆப்?

நபீலா: கடலப் பாத்து என்னத்தடா தேடுறாய்? பிறை இந்தப் பக்கம். வயல் பக்கம்.

அப்ராஸ்: நான் பிறை தேடல்ல ராத்தா. சிக்னல் தேடுறன். இந்த மூலையில நிண்டாத்தான் ஒழுங்கா வருது.

நபீலா: நல்லம். இருபத்தொம்பது நோன்பையும் புடிச்சிட்டு சாய்ந்தமருது முழுக்க மொட்டமாடியில ஏறி நிண்டு வானத்தப் பாக்குது. என்ட தம்பி ஃபோனப் பாக்கிறான்.

அப்ராஸ்: மடியில லெப்டொப்ப வெச்சிக்கிட்டு நோன்பு தொறந்த ஆள் இதச் சொல்லப்படா. உம்மா கஞ்சிக் கோப்பைய உங்கட வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து புடிச்சவ.

நபீலா: புடிக்கட்டுமே. இஷாத் தொழுகைக்கு முதல் பள்ளிவாசல் பிறை முடிவு சொல்லப் போகுது. அத ஊர்ச் சனத்திட ஃபோனுக்கு அனுப்பப் போறது ஒண்டு உன்ட ஆப், இல்லாட்டி என்ட ஆப். கஞ்சி நாளைக்கும் குடிக்கலாம்.

அப்ராஸ்: பிறை கண்டா நாளைக்குக் கஞ்சி இல்ல.

நபீலா: ...ஓம், அதுவும் சரிதான்.

அப்ராஸ்: என்ட ஆப்புக்குத் தோத்திருவன் எண்டு அவ்வளவு பயமா உங்களுக்கு?

நபீலா: பயம் இல்லடா, சந்தோசம். வீட்டுத்திட்டத்துப் பக்கம் பள்ளி ஸ்பீக்கர் கேக்கிறல்ல எண்டு சனம் எத்தின வருசமாப் பேசிச்சு... இண்டைக்குப் பிறைய அந்தச் சனத்துக்கு நாமதான் சொல்லப் போறம். நம்மட வீட்டு மாடியில இருந்து.

அப்ராஸ்: நாம இல்ல. ஒராள்.

நபீலா: நான்.

அப்ராஸ்: கனவு காணுங்க.

நபீலா: என்ன கனவு? நான் ஒரு தரம்தான் எழுதினன். அதே கோட் வாப்பாட அன்ட்ராய்டிலயும் ஓடுது, சுஹறா மாமிட மகன்ட ஐபோனிலயும் ஓடுது. நீ எழுதின நேட்டிவ் அன்ட்ராய்டில மட்டும்தான் ஓடும். ஐபோன்காரனுக்கு என்ன சொல்லப் போறாய்? உனக்குப் பெருநாள் இல்ல எண்டா?

அப்ராஸ்: ஐபோனுக்கு வேறயா எழுதுவம் எண்டு எத்தின தரம் சொன்ன நான். நேட்டிவ் எண்டா அதுதானே, அந்தந்த ஃபோனுக்கு அந்தந்த ஃபோன்ட மொழியில. ஒண்ட நான் எழுதுறன், ஒண்ட நீங்க எழுதுங்க.

நபீலா: ரெண்டு ஆப், ரெண்டு கோட், ரெண்டு பேர். ஒரு பட்டன்ட நிறத்த மாத்துறதுக்கு ரெண்டு பேர் குந்தியிருந்து வேல செய்யணும்.

அப்ராஸ்: செஞ்சா என்ன குறைஞ்சி போகுது?

நபீலா: நேரம் குறைஞ்சி போகுது.

அப்ராஸ்: சரி, நான் ஒண்டு கேக்கன். நம்மட ஊரில ஐபோன் ஆர்ட கையில இரிக்கி? கத்தாருக்குப் போனவன்ட கையில, இல்லாட்டி அவன்ட தம்பிட கையில. அங்க இண்டைக்கே பெருநாள். றமீஸ் மச்சான் காலையில பிரியாணி போட்டோ அனுப்பிட்டார். அவருக்கு நம்மட பள்ளிட பிறை என்னத்துக்கு?

நபீலா: ...அவர ஏன் இதுக்குள்ள இழுக்கிறாய்?

அப்ராஸ்: நீங்க கலியாணம் முடிச்ச மாப்பிள்ளைதானே. உதாரணத்துக்குச் சொன்ன.

நபீலா: உதாரணத்துக்கு வேற ஆளப் பாரு. பிறை மட்டுமா போகப் போகுது? நாளைக்கு ஒரு மௌத்துச் செய்தி போகும். உம்மாட மௌத்து மகனுக்குத் தெரியாம ஜனாஸாவ அடக்கிப் போடுவாங்க. அந்த மகன்ட கையில இரிக்கிறது ஐபோன்.

அப்ராஸ்: அதுக்குத்தானே சொல்றன், ஐபோனுக்கும் நேட்டிவ்...

நபீலா: எப்ப? நீ அன்ட்ராய்ட முடிக்கவே இத்தின நாள் எடுத்தாய்.

அப்ராஸ்: ஆனா முடிச்ச சாமானப் பாத்தீங்களா? தொட்ட உடன தொறக்குது. சைஸ் உங்கடதில பாதி. வாப்பாட பழைய ஃபோன எடுத்துப் பாருங்க, பெட்டரிய மிச்சம் புடிக்க எல்லா ஆப்பையும் தூங்கப் போட்டிரும். உங்கட ஆப் தூங்கினா தூங்கினதுதான். என்டது எழும்பும்.

நபீலா: அந்த ஒரு துண்ட மட்டும் நேட்டிவா எழுதி என்ட கோட்டில ஒட்டலாம். மத்ததெல்லாம் ஒரே கோட்டாவே இரிக்கும்.

அப்ராஸ்: ஒட்டுப்போட்ட சாரன்.

நபீலா: ஒட்டுப்போட்ட சாரனுக்கு என்னடா? மானத்த மறைக்கும்தானே.

அப்ராஸ்: பெருநாளைக்கு உடுப்பீங்களா?

நபீலா: வாய்... வாய் மட்டும் நேட்டிவ் உனக்கு. ஏண்டா, நான் ஒண்டு கேக்கணும் எண்டு இருந்தன். நோன்புக்கு ரெண்டு மாசம் முந்தி, ரஜப் மாசம் வரைக்கும் நீயும் என்னோட இருந்து ஒரே கோட்தான் எழுதின. நல்லாத்தானே எழுதின. திடீரெண்டு ஒரு நாள் எழும்பி வந்து நேட்டிவ் எண்டு நிண்டாய். ஆரு உனக்கு ஓதிப் பாத்த?

அப்ராஸ்: ஒருத்தரும் ஓதல்ல. அறிவு வந்திச்சு.

நபீலா: எங்க இருந்து?

அப்ராஸ்: ...வானத்தப் பாருங்க ராத்தா. அந்தா, தென்னைக்கு மேல, அந்த மேகத்துக்குக் கீழ, ஒரு கீறல் மாதிரி...

நபீலா: கரண்டுக் கம்பிடா அது.

அப்ராஸ்: சரி, கரண்டுக் கம்பி. பந்தயமா?

நபீலா: கரண்டுக் கம்பிக்கா?

அப்ராஸ்: என்ட ஆப்புக்கு. வாப்பாட ஃபோன் கீழ சாப்பாட்டு மேசையில கிடக்கு. சத்தமெல்லாம் நிப்பாட்டி வெச்சிட்டுத்தான் பள்ளிக்குப் போன. நான் இப்ப ஒரு சோதனை அனுப்புறன். கீழ இருந்து சத்தம் கேட்டா நீங்க ஒத்துக்கணும்.

நபீலா: கேக்காட்டி நீ நேட்டிவ் எண்ட சொல்லையே மறக்கணும்.

அப்ராஸ்: சரி.

நபீலா: அனுப்பு பாப்பம். சத்தம் போடும் சத்தம் போடும் எண்டு வாயால சொன்னாக் காணாது.

அப்ராஸ்: பெருநாள் தக்பீர்ட சத்தம் போட்டிருக்கன். காதப் பொத்திக்கங்க. இந்தா... பட்டன அமத்தின.

நபீலா: பொறு... கேக்குது.

அப்ராஸ்: கேக்குதா? நான் சொன்ன தானே. நான் சொன்ன தானே ராத்தா. நிப்பாட்டி வெச்ச ஃபோன்.

நபீலா: மாஷா அல்லாஹ், நல்லாக் கேக்குது... அப்ராஸ்.

அப்ராஸ்: சொல்லுங்க, ஒத்துக்கிறன் எண்டு சொல்லுங்க.

நபீலா: வாப்பாட ஃபோன் கீழதானே கிடக்கு?

அப்ராஸ்: ஓம்.

நபீலா: அப்ப அடுத்த வீட்டில கேக்கிறது என்ன? றோட்டாலயும் கேக்குது. அந்த மாடியிலயும் கேக்குது. அதுக்கு அங்கால மாடியிலயும்... நீ ஆருக்கடா அனுப்பின?

அப்ராஸ்: சோதனைக்குத்தான். வாப்பாட ஃபோனுக்கு மட்டும்... பொறுங்க. பொறுங்க ராத்தா... யா அல்லாஹ்.

நபீலா: என்ன?

அப்ராஸ்: அசர் தொழுகைக்குப் புறகு 'ஊர்' எண்டு மாத்தி வெச்சன். பிறை கண்ட உடன ஒரே அமத்தில எல்லாருக்கும் போகட்டும் எண்டு.

நபீலா: மாத்தினத மறந்திட்டாய்.

அப்ராஸ்: மறந்திட்டன்.

நபீலா: அதில என்ன எழுதியிருக்கி?

அப்ராஸ்: அதுவும் ரெடியா எழுதித்தான் வெச்சிருந்தன்... 'ஷவ்வால் தலைப்பிறை தென்பட்டது. நாளை நோன்புப் பெருநாள்.'

நபீலா: அஸ்தஃபிருல்லாஹ். பள்ளி இன்னும் வாயே தொறக்கல்லடா.

அப்ராஸ்: பட்டாசு கேக்குதா?

நபீலா: கேக்காம? பொடியனுகள் தொடங்கிட்டானுகள். சுஹறா மாமி அடுத்த வீட்டு முத்தத்தில நிண்டு என்னமோ காட்டுறா... என்ன மாமி? தேங்காயா? பெருநாள் வட்டிலப்பத்துக்கா? பொறுங்க மாமி, உடைக்காதீங்க, இன்னும் பள்ளி... உடைச்சிட்டா.

அப்ராஸ்: ஃபோன் அடிக்குது. பள்ளியில இருந்து. கலந்தர் மாமா.

நபீலா: எடு.

அப்ராஸ்: நீங்க எடுங்க.

நபீலா: நீதானே அமத்தின. எடுத்து லவுட்ல போடு.

கலந்தர்: அப்ராஸ். மனே. பிறைய ஆரு கண்ட?

அப்ராஸ்: அஸ்ஸலாமு அலைக்கும் மாமா... அது...

கலந்தர்: வ அலைக்குமுஸ்ஸலாம். நான் பள்ளிக்குள்ள நிர்வாகத்தோட இரிக்கன். பிறை முடிவு சொல்ற கொழும்புப் பெரிய பள்ளியில இருந்து ஒரு கதையும் வரல்ல. என்ட சட்டப்பைக்குள்ள இருந்து தக்பீர் கேக்குது. நிர்வாகத்தில இருக்கிற மரைக்காயர்மாரெல்லாம் என்ட நெஞ்சப் பாக்கிறாங்க.

அப்ராஸ்: ஃபோன்ட சத்தத்த நிப்பாட்டி வெக்கல்லையா மாமா?

கலந்தர்: நிப்பாட்டித்தான் வெச்சன்.

அப்ராஸ்: மெய்யா?

நபீலா: டேய், இப்ப அதுக்குச் சந்தோசப்படாத.

கலந்தர்: ஆரு, நபீலாவா? மகள், நீயாவது புத்தியாச் சொல்லு. இறைச்சிக் கடைக்கு முன்னால சனம் நிக்குதாம். வீட்டுத்திட்டத்தில பொம்புளைகள் மருதோண்டி அரைக்கிறாங்களாம். பிறை இல்ல எண்டு வந்தா நாளைக்கு நோன்பு. என்ட முகத்த எங்க கொண்டு போய் வெக்க?

நபீலா: மாமா, பிழை எங்கட. சோதனை பாக்கப் போய் ஊருக்குப் போய்ட்டு. உடன திருத்தி அனுப்புறம். நீங்க ஸ்பீக்கர்ல ஒரு வசனம் சொல்லுங்க, முடிவு இன்னும் வரல்ல எண்டு.

அப்ராஸ்: மாமா, ராத்தாட பிழை இல்ல, நான்தான்...

கலந்தர்: ஆர்ட எண்டு புறகு பாப்பம். சுறுக்கா அனுப்புங்க. ஃபோன வெக்கன்.

நபீலா: லெப்டொப்ப இஞ்சால தா. நீ சொல்லு, நான் அடிக்கன்.

அப்ராஸ்: 'முன்னர் வந்த செய்தி தவறானது...'

நபீலா: அப்பிடிப் போட்டா பிறை இல்ல எண்டு நெனச்சிருவாங்க. நாளைக்கும் நோன்பு எண்டு தறாவீஹ் தொழ வெளிக்கிட்டிருவாங்க.

அப்ராஸ்: ஓம்... ஓம். அப்ப இப்பிடிப் போடுங்க. 'பிறை பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. சற்று முன் வந்தது ஒரு சோதனைச் செய்தி. பள்ளியின் அறிவிப்பைக் கேளுங்கள்.'

நபீலா: 'பள்ளியின் தவறல்ல, எமது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.' பேரப் போடுவம்.

அப்ராஸ்: என்ட பேர மட்டும் போடுங்க.

நபீலா: 'நபீலா, அப்ராஸ்.'

அப்ராஸ்: நீங்க என்ன செஞ்ச? ஒண்டுமே செய்யல்லையே.

நபீலா: அனுப்பு அனுப்பு எண்டு உன்ன உசுப்பேத்தினது ஆரு? கதைக்காம அமத்து.

அப்ராஸ்: அமத்திட்டன். அன்ட்ராய்டுக்கெல்லாம் போய்ட்டு. கேக்குதா, எல்லா மாடியிலயும்... ராத்தா, ஐபோன்காரனுகளுக்கு என்ட ஆப் இல்ல. ஆனா கதை போயிருக்குமே. தேத்தண்ணிக் கடையில நிக்கிறவன் ஒருத்தனுக்குச் சொல்ல, அவன் மத்தவனுக்குச் சொல்ல...

நபீலா: அதுக்குத்தான் என்ட ஆப் இரிக்கி. இந்தா, போகுது... போய்ட்டு. ரெண்டுக்கும் ஒண்டாப் போய்ட்டு. அந்தா பாரு, சுஹறா மாமிட மகன் ஐபோனப் பாத்துத் தலையச் சொறியிறான்.

அப்ராஸ்: பட்டாசு நிண்டிட்டு.

நபீலா: நிண்டிட்டு. அல்ஹம்துலில்லாஹ்.

அப்ராஸ்: ராத்தா... நாம சரிதான், என்ன?

நபீலா: எதில?

அப்ராஸ்: ஊரையே ஒரு அமத்தில எழுப்பி, ஒரு அமத்தில இருத்தியிருக்கம்.

நபீலா: சிரிக்காத. சிரிக்காதடா, எனக்கும் சிரிப்பு வருது... சனம் மாடியில நிண்டு நம்மளத்தான் பாக்குது.

அப்ராஸ்: கலந்தர் மாமா திரும்ப எடுக்கார். முடிஞ்சிது. ரெண்டு ஆப்பையும் தூக்கி வீசப் போறார்.

கலந்தர்: மனே, ரெண்டும் வந்த. உன்டது சத்தத்தோட வந்த. மகள்ட ஆப் எங்கட மௌலவிட ஐபோனிலயும் வந்த. நிர்வாகத்தில ரெண்டு பேர் ஆப்பும் வேணாம் ஒண்டும் வேணாம் எண்டு எழும்பினாங்க. நான் சொன்ன, பிழை விட்டா பேரச் சொல்லி மன்னிப்புக் கேக்கிற புள்ளைகள எங்க தேடுற எண்டு. இருந்திட்டாங்க.

நபீலா: மாமா... என்ன சொல்ற எண்டு தெரியல்ல.

கலந்தர்: இதச் சொல்லு. ரெண்டு ஆப் பள்ளிக்கு வேணாம். ரெண்டு பக்கத்தால செய்தி வந்தா ஊர் ரெண்டா நிக்கும், பிறை விசயத்தில எப்பவும் அதான் நடக்கிற. ஒண்டு. எது எண்டு எங்களுக்கு விளங்காது, செஞ்ச நீங்கதான் சொல்லணும். முடிவு வந்த உடன எடுப்பன். எதால அனுப்புற எண்டு அப்ப சொல்லணும்.

அப்ராஸ்: சரி மாமா.

கலந்தர்: அதுவரைக்கும் ஒண்டையும் தொடாதீங்க.

அப்ராஸ்: தொடமாட்டம்... வெச்சிட்டார்.

நபீலா: சுறுக்கா முடிவெடுப்பம். உன்ட சத்தம் பெரிசுதான், ஒத்துக்கிறன். பந்தயம் நீ வெண்டாய். அந்தத் துண்ட எடுத்து என்ட கோட்டில ஒட்டுவம். மத்ததெல்லாம் ஒரே கோட்.

அப்ராஸ்: இல்ல. ரெண்டும் நேட்டிவ். அன்ட்ராய்டு நான், ஐபோன் நீங்க. பெயர் ஒண்டுதான், சனத்துக்கு ஒரே ஆப்.

நபீலா: ஏண்டா இப்பிடி நிக்கிறாய்? இது வளரப் போற சாமான். இந்தப் பள்ளிக்குப் புறகு கல்முனைப் பள்ளி கேக்கும், நிந்தவூர் கேக்கும். வருசா வருசம் ஃபோன் மாறும், ஒவ்வொரு மாத்தத்துக்கும் ரெண்டு இடத்தில கை வெக்கணும்.

அப்ராஸ்: வெப்பம். ரெண்டு பேர் இரிக்கம் தானே.

நபீலா: ரெண்டு பேர் இல்லாட்டி?

அப்ராஸ்: ஏன் இல்லாம?

நபீலா: கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஒராள் மட்டும் இருந்தா உன்ட நேட்டிவ் என்ன ஆகும்?

அப்ராஸ்: ஒராள் இருக்கமாட்டாங்க. ரெண்டு பேர்தான்.

நபீலா: காய்ச்சல் வரும், கலியாணம் வரும், கொழும்பில உனக்கு வேல கிடைக்கும்...

அப்ராஸ்: எனக்கு வேணாம். நான் இஞ்சதான். நீங்க எங்கயும் போறீங்களா?

நபீலா: ஸ்பீக்கர்.

அப்ராஸ்: எங்க?

நபீலா: கரகரக்குது, கேளு. கொஞ்சம் வாய மூடு... 

அப்ராஸ்: காத்து மாறி அடிக்குது, சரியாக் கேக்கல்ல... 'நாட்டின் பல பகுதிகளில்'...

நபீலா: 'தென்பட்டதால்'... தென்பட்டதால். கண்டிட்டாங்கடா. கண்டிட்டாங்க. அல்லாஹு அக்பர்... பெருநாள்.

அப்ராஸ்: சுஹறா மாமிட தேங்காய் தப்பிச்சிது.

நபீலா: ஃபோன் அடிக்குது. எடு, எடு.

கலந்தர்: கேட்டயா மனே? இப்ப அனுப்புங்க. வீட்டுத்திட்டத்துச் சனம் இன்னும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குதாம். இந்தத் தரம் ஒருத்தரும் நம்பமாட்டாங்க, அதால பள்ளிட பேரையும் போடுங்க. எதால அனுப்புறீங்க?

அப்ராஸ்: மாமா, நேட்டிவ்...

நபீலா: பொறு. ஒரு நிமிசம் மாமா, லைன்ல நில்லுங்க. அப்ராஸ், இஞ்ச பாரு. என்ன பாரு. ஒரே கோட் எண்டா ஒராள் தனிய நிண்டு பாத்துக்கலாம். ரெண்டு நேட்டிவ் எண்டா தனிய ஏலா, நீ முறிஞ்சி போவாய். அதுக்குத்தான் இவ்வளவு நாளும் உன்னோட சண்ட புடிச்ச. என்ட ஆப் வெல்லணும் எண்டு இல்ல... பெருநாளுக்குப் புறகு நான் உன்ட மச்சானோட இரிக்கக் கத்தாருக்குப் போறன். ரஜப் மாசமே விசா வந்திட்டு. உம்மாவுக்குச் சொன்னன், வாப்பாவுக்குச் சொன்னன். உனக்குச் சொல்ல மட்டும் வாய் வரல்ல.

கலந்தர்: மனே? கேக்குதா? சனம் பாத்துக்கிட்டு நிக்குது.

அப்ராஸ்: கேக்குது மாமா. ராத்தாட ஆப். ஒரே கோட். பள்ளிக்கு அதுதான்.

கலந்தர்: முடிவா?

அப்ராஸ்: முடிவு. அனுப்புங்க ராத்தா. நீங்களே அமத்துங்க.

நபீலா: ...அமத்திட்டன்.

கலந்தர்: வந்திட்டு. மௌலவிக்கும் வந்திட்டு. ஈத் முபாரக் மனே, ஈத் முபாரக் மகள். வெக்கன், தக்பீர் சொல்லணும்.

அப்ராஸ்: ஈத் முபாரக் மாமா.

நபீலா: ஊர் முழுக்கக் கேக்குதுடா... வீட்டுத்திட்டத்திலயும் வெடி கேக்குது. 

அப்ராஸ்: ஓம்.

நபீலா: நீ ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல? எத்தின நாள் நேட்டிவ் நேட்டிவ் எண்டு மல்லுக்கட்டினாய், இப்ப ஒரு சொல்லில விட்டுட்டாய். கத்தார் எண்டு சொன்னன், முகம் கூட மாறல்ல உனக்கு.

அப்ராஸ்: எனக்குத் தெரியும் ராத்தா. விசா வந்த அண்டைக்கே மச்சான் எனக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிட்டார். அண்டைக்குத்தான் நான் நேட்டிவ் படிக்கத் தொடங்கின. ரெண்டு பேர் இல்லாமச் செய்ய ஏலாத வேல ஒண்டு இஞ்ச இருந்தா, நீங்க போகமாட்டீங்க எண்டு நெனச்சன்.